அப்பாவுக்கு ஓ.டி. என்று சொல்லி வைத்தோம்

“அத்த, அப்பாவுக்கு ஓ.டி. எப்போ முடியும்?”

என் அண்ணன் மகள் ஏஞ்சல் இப்படிக் கேட்டபோது நான் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஏழு வயது. இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். என் அண்ணன் ராபின் இறந்து அன்று எட்டாவது நாள். ரிப்பனை வாயில் கவ்விக்கொண்டிருந்ததால் பதில் சொல்லாமல் இருக்க எனக்கு ஒரு சாக்கு கிடைத்தது. ரிப்பனைக் கட்டி முடித்த பிறகும் சொல்லவில்லை. “டைம் ஆயிடுச்சு, பைய எட்த்துக்கோ” என்றேன்.

நான் எழுத வந்தது என் அண்ணி கல்பனாவைப் பற்றி. ஆனால் நான் சொன்ன பொய்யையும் சேர்த்து எழுதினால்தான் அண்ணி எப்படிப்பட்டவர் என்பது விளங்கும்.

எங்கள் வீடு ஆரம்பாக்கத்தில், ரயில் பாதையை ஒட்டிய காலனியில் இருக்கிறது. அப்பா பாக்கியநாதன் இளவயதில் அடுத்தவர் வயலில் நடவு, அறுப்பு என்று போனவர். இப்போது ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி. அம்மா இல்லை. அண்ணன் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பி மில்லில் வேலை செய்தான். நான் ஸ்டெல்லா, பிளஸ் ஒன்னில் பாதியில் நின்றவள். இரண்டு வருடத்தில் மூன்று கம்பெனிக்குப் போனேன். எதிலும் இரண்டு மாதத்துக்கு மேல் கால் தரிக்கவில்லை. அந்தச் சமயத்தில் வீட்டில்தான் இருந்தேன். ஏஞ்சலைப் பள்ளிக்கு விடுவதும் கூட்டி வருவதும் என் வேலை.

அண்ணிக்குச் சொந்த ஊர் பள்ளிப்பட்டுப் பக்கம். ஆந்திரா எல்லை என்பதால் தன் அப்பாவை நைனா என்றுதான் சொல்வார். பத்தொன்பது வயதில் சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு வேலைக்கு வந்து லேடீஸ் ஹாஸ்டலில் தங்கினார். அவர்கள் கம்பெனி பஸ்ஸும் அண்ணனுடைய கம்பெனி பஸ்ஸும் ஒரே டீக்கடை எதிரில் நிற்கும். அப்படித்தான் பழக்கம். கல்யாணம் ஆன பிறகும் அண்ணி ஞானஸ்நானம் எடுத்துக்கொள்ளவில்லை. கிறிஸ்துமஸுக்கு மட்டும் சர்ச்சுக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருவார். அப்பாவுக்கு அதில் ஒரு குறை உண்டு.

அண்ணியின் வேலை, வண்டிகளில் ஒயர் செருகுகிற சின்ன பிளாஸ்டிக் பிளக்குகளைப் பூதக்கண்ணாடி விளக்குக்குக் கீழே வைத்துப் பார்ப்பது. முன்னால் மூன்று தட்டு இருக்கும். நல்லது ஒன்றில், கெட்டது ஒன்றில். மூன்றாவது தட்டுக்கு ஹோல்டு என்று பெயர். பார்த்தும் முடிவு தெரியாத பீஸை அதில் போட வேண்டும். அவசரத்துக்காக அதைத் தூக்கி நல்லதில் போடுவதுதான் அங்கே பெரிய குற்றம். கெட்டதை நல்லது என்று தவறிப் போட்டால்கூடத் திட்டோடு போகும். தெரியாததைத் தெரிந்தது போலப் போட்டால் லைனை விட்டே எழுப்பிவிடுவார்கள்.

ஒன்பது வருடம் அந்த வேலையைச் செய்ததாலோ என்னவோ, பிள்ளையின் கேள்விகளுக்கும் அண்ணி அப்படித்தான் பதில் சொல்வார். ஆமாம், இல்லை, ஹோல்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பள்ளி பக்கம் கடற்கரைக்குப் போயிருந்தோம். தூரத்தில் ஒரு கப்பல் நின்றது.

“அம்மா, இரும்பு தண்ணியில முழுகும்ல? அது ஏன் முழுகல?”

“தெரிலடி. ஹோல்டுல போடு. கேட்டுக்கினு வந்து சொல்றேன்.”

அண்ணன் சிரித்தான். “கொஞ்சம் கத உடேன்மா. கடலுக்குக் கீழ ஒரு ஆளு நின்னுக்கினு அத தூக்கிக்கினு இருக்கான்னு சொல்லு. நம்பிட்டு போறா.”

“சொல்லு. அப்பால அந்த ஆளுக்கு யாரு நாஷ்டா குடுக்கறதுன்னு கேப்பா. நீதான் பதில் சொல்லணும்.”

“இவ எல்லாத்தையும் ஹோல்டுல போட்டா ஊடே ரொம்பிடும்டா சாமி” என்று அண்ணன் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் அண்ணி தன் கம்பெனி மெயின்டனன்ஸ் ஆளிடம் கேட்டுக்கொண்டு வந்தார். பக்கெட்டில் தண்ணீர் பிடித்து ஒரு காலி டம்ளரை மிதக்க விட்டார். ஒரு கரண்டியைப் போட்டார், முழுகியது. ஏஞ்சல் அன்று வீட்டில் இருந்த பாத்திரத்தை எல்லாம் தண்ணீரில் போட்டுப் பார்த்தாள்.

இன்னொரு முறை ஏஞ்சல் சண்டே கிளாஸில், “நோவா கப்பல்ல சிங்கம் இன்னா துன்னுச்சு, ஆட்டையா?” என்று கேட்டு, உட்கார் என்று திட்டு வாங்கி வந்தாள். அப்பா, “அதெல்லாம் கேக்கக் கூடாதும்மா” என்றார். அண்ணி கீரை ஆய்ந்துகொண்டே, “எனக்கும் தெரியாது. உங்க தாத்தாவுக்கும் தெரியாது. ஆனா நீ கேட்டது தப்பு இல்ல” என்றார். அப்பா அன்று முழுவதும் அண்ணியிடம் பேசவில்லை.

அண்ணன் இறந்தது ஒரு புதன்கிழமை, காலை வேலையான ஏ ஷிஃப்ட்டில். உருளைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்த பழுக்கக் காய்ந்த கம்பி தடம் மாறி வெளியே பாய்ந்து அண்ணன்மேல் பட்டது என்றார்கள். காலை பதினொரு மணி. அதே மில்லில் வேலை செய்யும் லோகு அண்ணன், ராபினின் சிநேகிதன், எனக்குப் போன் செய்தான். அவன் சொன்னதை நான் இரண்டு முறை திருப்பிச் சொல்ல வைத்தேன். பிறகு அடுப்பை அணைத்தேன். பாதி வெந்த சோற்றை வடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது.

நான்கு மணிக்குப் பள்ளி விட்டது. வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வழியாகக் கூட்டிப்போக வேண்டாம் என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். ஏஞ்சல் ஏன் வேறு தெருவில் போகிறோம் என்று கேட்டாள்.

“அப்பாவுக்கு ஓ.டி. வர லேட்டாவும். நீ பெரிம்மா கூட ஊருக்குப் போய்ட்டு வா” என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. எங்கள் காலனியில் ஒரு வீட்டு அப்பா நேரத்துக்கு வரவில்லை என்றால் பிள்ளைக்குச் சொல்லும் பதில் அது ஒன்றுதான். பெரும்பாலும் உண்மையும் அதுதான். ஷிஃப்ட் முடிந்தும் ஆள் போதாமல் ஓவர்டைம் என்று நிறுத்திக்கொள்வார்கள். அந்தச் சொல் தானாக வாயில் வந்தது. அண்ணியின் அக்கா ஏஞ்சலைப் பள்ளிப்பட்டுக்கு அழைத்துப் போனார். அடுத்த நாள் அண்ணனை அடக்கம் செய்தோம்.

ஆறாம் நாள் ஏஞ்சல் திரும்பி வந்தாள். அதற்குள் பந்தலைப் பிரித்து, வாடகை நாற்காலிகளை அனுப்பி, அண்ணன் படத்தைப் போர்வையில் சுற்றிப் பீரோ மேல் வைத்திருந்தோம். “கொழந்த தாங்காது. கொஞ்ச நாள் போவட்டும். ஸ்டெல்லா சொன்னதையே எல்லாரும் சொல்லுங்க” என்று அப்பா தெருவில் வீடு வீடாகச் சொல்லி வந்திருந்தார். தண்ணீர் பிடிக்கத் தினமும் சண்டை போடும் தெரு அது. இந்தப் பொய்யில் மட்டும் எல்லாரும் ஒன்றாக நின்றார்கள்.

அண்ணி அப்போது யாரிடமும் பேசவில்லை. அழவும் இல்லை. கொடுத்தால் சாப்பிடுவார். எழுந்து குளி என்றால் குளிப்பார். ஏஞ்சல் ஓடி வந்து மடியில் விழுந்து, “அப்பா எங்கம்மா?” என்றபோது அண்ணி என்னைப் பார்த்தார். “ஓ.டி.ன்னு சொன்னேன்ல” என்றேன் நான். அண்ணி மெதுவாகத் தலையாட்டினார்.

எனக்கும் எதுவும் உறைக்கவில்லை. கழுவிய தட்டையே மறுபடி கழுவுவேன். ரயில் போகும் சத்தம் எப்போதும் கேட்கும் வீடு எங்களுடையது. அந்த நாட்களில் ரயில் போனதாகவே நினைவில்லை.

ஷிஃப்ட் வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஷிஃப்ட் கணக்கு எல்லாருக்கும் முன்னால் தெரியும். அப்பா ராத்திரி வேலை, சி ஷிஃப்ட் என்றால் பகலில் டி.வி. சத்தம் வைக்கக் கூடாது, ஏ ஷிஃப்ட் என்றால் சாயங்காலம் வெளியே கூட்டிப்போவார் என்று அவர்களுடைய நாளே அதை வைத்துத்தான் ஓடும். ஏஞ்சல் கணக்குப் போட ஆரம்பித்தாள்.

“அத்த, அப்பா இந்த வாரம் இன்னா ஷிஃப்ட்டு?”

“ஏ.”

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் இறங்கிய லோகு அண்ணனிடம் ஓடிப்போய்க் கேட்டிருக்கிறாள். அவன் சி என்றிருக்கிறான். வீட்டுக்கு வந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நீ ‘ஏ’ன்ற. லோகு மாமா ‘சி’ன்றாரு.”

“மாத்தி மாத்திப் போடுவாங்க.”

“சண்டே ஆஃபு இல்லியா?”

“மெயின்டனன்ஸ் இருக்குது.”

“போன்ல பேசலாம்ல?”

“உள்ள போன் எட்த்துக்கினு போவக் கூடாதுமா.”

இந்தக் கடைசி பதில் நிஜம்தான். அதனால் அதைக் கொஞ்சம் தைரியமாகச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. பிள்ளை மறந்துகொண்டிருக்கிறாள், அப்பா சொன்னதுதான் சரி என்று நினைத்தேன். டிபன் பாக்ஸில் சோறு அப்படியே திரும்பி வந்தது. வகுப்பில் எதுவும் பேச மாட்டேன் என்கிறாள் என்று டீச்சர் சொன்னார். சிங்கத்தைப் பற்றிக் கேட்டவள், கப்பலைப் பற்றிக் கேட்டவள், ஏழெட்டு நாளாக யாரிடமும் எதையும் கேட்கவில்லை. அண்ணி பதினாறாம் நாள் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார். வருவார், படுப்பார்.

இருபத்தைந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. அப்பா ஏஞ்சலைச் சர்ச்சுக்கு அழைத்துப் போயிருந்தார். பத்து மணிக்கு லோகு அண்ணன் வந்தான். உள்ளே வராமல் வாசற்படியிலேயே உட்கார்ந்தான். டீ கொடுத்தேன். குடிக்கவில்லை.

“இன்னா லோகு?” என்றார் அண்ணி.

“நேத்து பஸ் ஸ்டாப்புல பாப்பா வந்துச்சுமா. என் கைய புட்ச்சிக்கினு தனியா இட்டுக்கினு போச்சு.” அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். “அப்பாகிட்ட சொல்லு மாமா, எனக்கு ஷூ வேணாம், பழைய ஷூவே போட்டுக்கிறேன், ஓ.டி. வேணாம்னு சொல்ட்டு ஊட்டுக்கு வரச் சொல்லுன்னு சொல்லுது. நா இன்னா சொல்றது? சரிம்மா, சொல்றேன்னுட்டேன். ராத்திரி முழுக்க தூங்கல. இனிமே அந்தப் பிள்ள மூஞ்சில என்னால முழிக்க முடியாது. நா வேற பஸ்ஸு மாத்திக்கினு போய்டறேன்.”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அண்ணன் இறப்பதற்கு முந்தின சாயங்காலம் புது ஷூ வேண்டும் என்று ஏஞ்சல் அழுது புரண்டாள். அண்ணன் ஒரு அதட்டு அதட்டினான். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் அண்ணனுக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. சீக்கிரம் வரும் நாளில் வாசலில் இருந்தே, “இன்னிக்கு ஓ.டி.க்கு ஆள் கேட்டாங்க. எங்க மேடம் காத்துக்கினு இருப்பாங்க, வேணாம்னு சொல்ட்டேன்” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே வருவான். மேடம் என்றால் ஏஞ்சல்.

ஆக, ஏஞ்சல் கணக்கில் ஓ.டி. என்பது அப்பா வேண்டாம் என்று சொல்லக்கூடியது. இத்தனை நாளாக அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. தன்மேல் கோபம், அதனால்தான் அப்பா வரவில்லை. நாங்கள் கொடுத்த பதிலில் இருந்து ஒரு ஏழு வயதுப் பிள்ளை இந்த முடிவுக்கு வந்து, அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள்.

 அண்ணி எழுந்து என்னிடம், “போட்டோ எங்க வெச்ச?” என்றார். இறக்கிக் கொடுத்தேன். போர்வையைப் பிரித்துத் துடைத்து நாற்காலி மேல் வைத்தார். முகம் கழுவிக்கொண்டு வந்தார். “லோகு, நீ போவாத. பாப்பா எதனா கேட்டா உனக்குத்தான் தெரியும்.”

பதினொன்றரைக்கு அப்பாவும் ஏஞ்சலும் வந்தார்கள். படத்தைப் பார்த்ததும் அப்பா ஏஞ்சலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“வேணாம்மா கல்பனா. கொழந்தம்மா அது.”

“மாமா, அவளுக்கு ஒரு பதில் கெடைச்சிடுச்சு. நம்ம சொன்னத வெச்சு அவளே கண்டுபுட்ச்சது. அவ அப்பாவுக்கு அவ வேணாமாம். அத விடவா நா சொல்லப் போறது பெருசு?”

அப்பா கையை விட்டுவிட்டார்.

அண்ணி ஏஞ்சலை எதிரில் உட்கார வைத்தார். குரல் வேலைக்குப் போய் வந்து பேசுவது போல, எப்போதும் போலத்தான் இருந்தது.

“ஏஞ்சல், அப்பா ஓ.டி.க்குப் போவல. அப்பா செத்துட்டாரு.”

ஏஞ்சல் படத்தைப் பார்த்தாள். அழவில்லை.

“எப்போ?”

“நீ பெரிம்மா ஊட்டுக்குப் போன அன்னிக்கு. காலைல. மில்லுல கம்பி பட்டு.”

“வர மாட்டாரா?”

“வர மாட்டாரு.”

“ஷூ கேட்டதுக்கா?”

“இல்ல. அதுக்கும் இதுக்கும் ஒண்ணும் கெடயாது. இது எனக்கு நல்லா தெரியும். அன்னிக்கு காலைல போவும்போது, சம்பளம் வந்ததும் ஷூ வாங்கணும்னுதான் சொல்லிட்டுப் போனாரு.”

“ஓ.டி. வேணும்னு கேக்கலையா?”

“கேக்கல. அன்னிக்கு ரெண்டு மணிக்கு ஊட்டுக்கு வரணும். அதுக்குள்ள செத்துட்டாரு.”

ஏஞ்சல் லோகு அண்ணன் பக்கம் திரும்பினாள். “வலிச்சுதா மாமா?”

லோகு அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி, “தெரிஞ்சத சொல்லு” என்றார்.

“நா ஓடிப் போறதுக்குள்ள கண்ண மூடிட்டான்மா. கூப்ட்டேன். பேசல. வலிச்சுதான்னு எனக்குத் தெரிலம்மா.”

“யாரு தப்பு?”

“ஹோல்டு” என்றார் அண்ணி. “கேட்டுக்கினு இருக்கேன். தெரிஞ்சா உன்கிட்ட சொல்லுவேன்.”

“அப்பா இப்போ சாமிகிட்ட இருக்காரா?”

அப்பா வேகமாக, “ஆமாம்மா, கர்த்தர்கிட்ட” என்றார். ஏஞ்சல் அம்மாவையே பார்த்தாள்.

“உங்க தாத்தா அப்டி நம்பறாரு. எனக்குத் தெரியாது. தெரியும்னு சொன்னா பொய்யாயிடும்.”

அப்பாவின் முகம் சுருங்கியது. மகனைப் பறிகொடுத்த மனிதருக்கு அந்த ஒரு நம்பிக்கைதான் மிச்சம். அதைக்கூட இவள் விட மாட்டாளா என்று எனக்கே கோபம் வந்தது. அண்ணி அவரைப் பார்த்து, “நீங்க நம்பறத நீங்க சொல்லுங்க மாமா. நா தடுக்கல. எனக்குத் தெரியாதத என் வாயால சொல்லச் சொல்லாதீங்க” என்றார்.

“நீயும் செத்துடுவியா?” என்றாள் ஏஞ்சல்.

“எல்லாரும் ஒரு நாளைக்கு சாவாங்க. நானும்தான். எப்போன்னு தெரியாது. இப்போ எனக்கு ஒடம்புக்கு ஒண்ணியும் இல்ல. நாளைக்கு வேலைக்குப் போய்ட்டு ஆறு மணிக்கு வருவேன். லேட்டாச்சுன்னா அத்தைக்கு போன் பண்ணி, ஏன் லேட்டுன்னு நெஜத்த சொல்லுவேன்.”

பிறகு ஏஞ்சல் என்னைப் பார்த்தாள். “நீ ஏன் பொய் சொன்ன?”

உன் நல்லதுக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பயந்துட்டேன்” என்றேன். “நீ அழுவன்னு பயந்துட்டேன்.”

“நானும்தான் தலையாட்டினேன். நானும் பொய் சொன்ன மாதிரிதான்” என்றார் அண்ணி.

ஏஞ்சல் அப்போதுதான் அழுதாள். ரொம்ப நேரம். யாரும் அழாதே என்று சொல்லவில்லை. லோகு அண்ணன் எழுந்து வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றான். அழுது முடித்து, பசிக்கிறது என்றாள். இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

மூன்று மணிக்குக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். மண் இன்னும் மேடாகத்தான் இருந்தது. அவள் கையை வைத்துப் பார்த்தாள். மேலே மண் இவ்வளவு இருந்தால் அப்பாவுக்குக் கனக்காதா என்று கேட்டாள். இறந்த உடம்புக்குக் கனம் எதுவும் தெரியாது என்று அண்ணி சொன்னார். அப்பா பக்கத்தில் முழங்கால் போட்டு ஜெபம் செய்தார். எழுந்ததும் ஏஞ்சல் அவரிடம், “தாத்தா, மேல போனத நீ பாத்தியா?” என்றாள். அப்பா முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, “பாக்கலம்மா. நம்பறேன்” என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஏஞ்சல் இரண்டு மாதம் என்னிடம் பேசவில்லை. பள்ளிக்குத் தாத்தாவோடுதான் போனாள். இப்போது பேசுகிறாள். ஆனால் நான் மழை வரும் என்று சொன்னால்கூட அம்மாவிடம் போய்க் கேட்டுவிட்டுத்தான் குடை எடுக்கிறாள். எனக்கு அது கஷ்டமாகத்தான் இருக்கிறது. அண்ணியிடம் சொன்னேன். “ஆவும். நாளாவும்” என்றார், அவ்வளவுதான். அண்ணி இன்னும் அதே கம்பெனியில், அதே விளக்குக்குக் கீழே உட்காருகிறார். சிரிப்பது குறைவு. லோகு அண்ணன் பஸ் மாற்றவில்லை. அவன் இறங்கும்போது சில நாள் ஏஞ்சல் ஓடிப்போய், அப்பா மில்லில் என்ன செய்வார், யாரோடு சாப்பிடுவார் என்று கேட்பாள். அவன் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறான்.

போன மாதம் பக்கத்து ஊரில் இன்னொரு சாவு வீடு. வேறு மில், வேறு ஆள். நான்கு வயதில் ஒரு பையன். அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பாவுக்கு ஓ.டி. என்று அங்கேயும் ஒரு அக்கா அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்த அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு அவனிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

எல்லா வீட்டுக்கும் என்னால் போக முடியாது. இதைப் படிக்கிறவர்கள் கம்பெனி பஸ்ஸில் போகிறவர்களாக இருந்தால் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் சொல்லுங்கள். டீச்சராக இருந்தால் மற்ற டீச்சர்களிடம் சொல்லுங்கள். எங்கள் பெயரைச் சொன்னாலும் பரவாயில்லை, அண்ணியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வர யாரோ ஒருவர் என்ன சொல்வது என்று தெரியாமல் நடந்துகொண்டிருப்பார். அவர் போய்ச் சேருவதற்குள் இது அவருக்குத் தெரிய வேண்டும்.